வில்லங்கத்தில் வராத பத்திரம்

ஒரு வக்கீல் அலுவலகத்தில் சொத்து ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, சுத்தமாக இருந்தால் சொத்தும் சுத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். அரசாங்கச் சான்று கையில் இருக்கிறது, அப்புறம் என்ன?

2014-ல் ஒருவர் காலி நிலம் வாங்குவதற்காக எங்களிடம் வந்தார். சர்வே எண் 45/2பி. அப்பா இறந்தபின் வாரிசு முறையில் மாறிய பட்டா, விற்பவர் பெயரில் இருந்தது. முப்பது வருட வில்லங்கம் போட்டேன். ஒரு பதிவும் இல்லை. வாங்கலாம் என்று சட்டக் கருத்துரையை எழுதி மூத்த குமாஸ்தாவிடம் நீட்டினேன். அவர் ஈசியைத் தொடவே இல்லை. பட்டாவில் அந்த எண்ணின் மேல் விரலை வைத்து, "தம்பி, இது எப்ப 2பி ஆச்சு?" என்றார்.

2003-ல், ரோட்டுக்கு ஒரு ஓரத்தை எடுத்தபோது. அதற்கு முன் வெறும் 45/2. நான் தேடியது புது எண்ணை மட்டும். பழைய எண்ணைப் போட்டதும் 1991-ல் எழுதிய ஒரு செட்டில்மென்ட் பத்திரம் வந்து நின்றது. நிலத்தில் பிரிபடாத சரிபாதியை அப்பா மகளுக்கு எழுதிவைத்திருந்தார். விற்க வந்தவர் மகன், அந்த மகளின் தம்பி.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பத்திரம் ஒளிந்திருக்கவில்லை என்பதுதான் உறுத்தியது. 1908-ம் வருடப் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1-ம் புத்தகத்தை, உரிய கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்கலாம் என்பதால், பார்க்காதவனுக்கும் தெரிந்ததாகவே சொத்துரிமை மாற்றுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாமல் வாங்கிவிட்டேன்" என்று எங்கள் கட்சிக்காரர் கோர்ட்டில் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது. என் கருத்துரையைக் காட்டினாலும்தான்.

சார்பதிவாளர் அலுவலகம் பதிவு செய்வது பத்திரத்தை. உரிமையாளர் யார் என்று அது சான்று தருவதில்லை. எழுதிக்கொடுத்தவர் இவர்தானா, ஒப்புக்கொள்கிறாரா, முத்திரைத்தீர்வை சரியா என்று பார்க்கும். மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாட்டில் கொண்டுவந்த 55ஏ(1) விதியை 2025-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோதும் இதையேதான் சொன்னது: விற்பவருக்கு உரிமை உண்டா என்று விசாரிப்பது அந்தச் சட்டப்படி பதிவு அதிகாரியின் வேலையில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-லேயே டோரன்ஸ் முறை வந்துவிட்டது. அங்கே பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் உரிமை, அதற்கு அரசே பொறுப்பு. நம்மிடம் பத்திரங்களைச் சங்கிலியாகக் கோத்துப் பார்க்கும் வேலை வாங்குபவன் தலையில் விழுகிறது.

அந்தச் சங்கிலியில் ஓட்டைகளும் உண்டு. உயிலைப் பதிவு செய்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. பதிவு செய்தாலும் அது ஏறுவது 3-ம் புத்தகத்தில், வில்லங்கத்தில் வராது. இன்னொன்று, எழுதிக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைத் தாக்கல் செய்யலாம். பதிவானதும் அது எழுதிய தேதியிலிருந்தே செல்லும். ஆக, இன்று காலை நான் எடுக்கும் ஈசியில் இல்லாத ஒரு கிரயம், போன மாதத் தேதியோடு அடுத்த வாரம் முளைக்கலாம். இதை முதலில் படித்தபோது சட்டத்தை எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபமே வந்தது.

சரி, அந்த அக்கா விஷயத்துக்கு வருகிறேன். தம்பிக்கு அந்தப் பத்திரம் தெரியுமா, தெரியாதா என்று நாங்கள் கேட்கவில்லை. அது எங்கள் வேலையும் இல்லை. அக்காவை அழைத்துவரச் சொன்னோம். பாலித்தீன் உறைக்குள் நாலாக மடித்த அசல் பத்திரத்தோடு வந்தார். பின்பக்கத்தில் ஆவண எண், தொகுதி, பக்கங்கள், கீழே அவருடைய அப்பாவின் மங்கிப்போன இடது பெருவிரல் ரேகை. பட்டா மாற்றணும் என்று யாரும் சொல்லவில்லை என்றார்.

"உங்களுக்கும் இதுல பாதி இருக்கும்மா" என்றார் குமாஸ்தா.

"அது எனக்குத் தெரியும். யாரும் கேக்கலையே" என்றார்.

கிரயப் பத்திரத்தின் வரைவைத் திரும்ப எடுத்து, 'எழுதிக்கொடுப்பவர்' என்றிருந்ததை 'எழுதிக்கொடுப்பவர்கள்' என்று மாற்றினேன். முதல் பெயராக அக்காவுடையதைப் போடச் சொன்னார் குமாஸ்தா.