வியாழக்கிழமை வியாழன்

நவம்பர் 7, 2024
வியாழன் இரவு ஏழு மணிவாக்கில்தான் எழுகிறது. ஒன்பதுக்கு முன் பார்த்தால் அடிவானக் காற்றில் தளும்பும். 8 அங்குல ஷ்மிட்-காஸக்ரேன் தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைக்க வேண்டும். குழாய்க்குள் சூடு மிச்சமிருந்தால் எந்தக் கண்ணருகு வில்லையும் உதவாது. ஆய்வகப் பாடம்: நிலவுகளின் சுற்றுக்காலத்தையும் தூரத்தையும் வைத்து வியாழனின் நிறையைக் கணக்கிடுவது. அயோ, யூரோப்பா, கானிமீடு, கலிஸ்டோ, நான்கு நிலவுகளையும் தாளில் குறித்தாயிற்று. அளவுகோல்: வியாழனின் விட்டம்.

நவம்பர் 11
மூடுபனி.

நவம்பர் 14
படம் போன வாரத்துப் பிரதிபோல இருக்கிறது! கலிஸ்டோ மட்டும்தான் இடம் மாறியிருக்கிறது.
அயோவுக்குச் சுற்று 1.769 நாள், நான்கு சுற்று 7.08. யூரோப்பா 3.551; இரண்டு சுற்று 7.10. கானிமீடு ஒரே சுற்றில் 7.155. சுற்றுக்காலங்கள் 1:2:4 விகிதத்தில் பூட்டிக்கொண்டிருக்கின்றன, பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் விளக்கிய ஒத்ததிர்வு. வாரம் ஒருமுறை, அதே மணிக்குப் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கும். அயோ ஒரு மணி ஐம்பது நிமிடம் தாமதம், அவ்வளவே. மூன்றுக்கும் ஏழு நாள் என்று எழுதிக் கொடுத்தாலும் தாளில் தப்புத் தெரியாது. கம்யூனிட்டி கல்லூரி அட்டவணையில் ஆய்வகம் வியாழக்கிழமை மட்டும். பெயர்ப் பொருத்தம் அழகு, அளவீட்டுக்கு இதைவிட மோசமான இடைவெளி கிடையாது.

நவம்பர் 15
அடுத்த இரவே பார்ப்பதும் போதாது. 24 மணியில் அயோ 203 பாகை நகரும். எதிர்த்திசையில் 157 பாகை என்றும் கொள்ளலாம், அப்போது 2.3 நாள் என்று வரும். ஒரே இரவில் மூன்று மணி நேரம் விடாமல் குறித்தால் 25 பாகை. திசையும் வேகமும் அதில் தெளிந்துவிடும்.

நவம்பர் 19
இந்த ஈராண்டுக் கல்லூரியிலிருந்து கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு (யூசி) மாறும் விண்ணப்பம். கால்குலஸ் வழி இயற்பியல்தான் இயற்பியல் பட்டத்துக்குக் கணக்கு. இயற்கணித வழிப் பாடத்தை ஏற்பதில்லை. அறிமுக வானியல் பொதுக்கல்விக்கு மட்டும். எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில் வளாகம் வளாகமாகப் பார்க்க வேண்டும். மறுபடி பார்க்க வேண்டும்.

நவம்பர் 21
மேகம்.

நவம்பர் 28
நன்றி நவிலல் நாள். கல்லூரி பூட்டு. ஒரு வியாழன் போச்சு.

டிசம்பர் 2
யூசி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், இரவு 11.59 வரை. இந்தப் பருவத்து மதிப்பெண்ணைத் தனியாக ஜனவரி 31க்குள் ஏற்றணும். அசிஸ்ட் இன்னொரு தரம்.

டிசம்பர் 5
நிலவின் தூரத்தை வியாழனின் விட்டத்தை வைத்துக் கண்மதிப்பில் அளப்பதைவிட நேரம் எடுப்பது மேல். வானத்தைத் தொடரும் மோட்டாரை நிறுத்தி, கண்ணருகு வில்லையின் குறுக்குக்கம்பியை வடக்கு-தெற்காகத் திருப்பி, வியாழனின் மையமும் அயோவும் கடக்கும் இடைவெளியை நிறுத்துகடிகாரத்தில் பிடிக்க வேண்டும். அயோ வியாழனிலிருந்து உச்ச விலகலில் இருந்தால் 10.2 வினாடி வரும். கைத்தடுமாற்றம் 0.2 வினாடி, அதாவது 2 சதவீதம். நிறைக் கணக்கில் தூரம் முப்படியாக வருவதால் அது 6 ஆகிவிடும். பத்து முறை எடுத்துச் சராசரி.

பெரிய தப்பு வேறு. வானம் வினாடிக்கு 15 விகலை (ஒரு பாகையில் 3600 விகலை) நகரும் என்று பெருக்குவது. அது வான நடுவரையில் மட்டும். வியாழன் இப்போது அதற்கு வடக்கே 22 பாகையில். கோசைனால் பெருக்கினால் 13.9. மறந்தால் நிறை கால்பங்கு கூடிவிடும். வரவேண்டியது 1.9 × 10²⁷ கிலோ.

ஏழாவது முறையில் முன்கண்ணாடியில் பனி. துடைக்கக் கூடாது, பூச்சு கீறும். முடி உலர்த்தும் கருவியை, குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும்.