இரண்டு மணி நேரம் தின்ற ஒரு வாரம்

தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில், க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டு முகாமில் மூன்று வாரத் தன்னார்வப் பணி. பணம் கட்டியாயிற்று. அழைப்புக் கடிதத்திலும் விண்ணப்பத்திலும் 'தன்னார்வப் பணி' என்றே ஒளிக்காமல் எழுதியிருந்ததால் விசாவும் சிக்கலின்றி வந்தது. ஆனால் மும்பை விமான நிலையத்தில் பெட்டியை எடைபோடும் இடத்திலேயே என்னை நிறுத்திவிட்டார்கள்.

"மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் எங்கே?"

இந்தியாவிலும் அந்த நோய் இல்லை, தென்னாப்பிரிக்காவிலும் இல்லை. விலை குறைவு என்று நான் எடுத்த டிக்கெட்தான் வினை. அடிஸ் அபாபாவில் 14 மணி நேரக் காத்திருப்பு. எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. அத்தகைய நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினாலே தென்னாப்பிரிக்கா சான்றிதழ் கேட்கும். டிக்கெட் போட்டுக் கொடுத்த முகவரிடம் இதைக் குறிப்பாகவே கேட்டிருந்தேன். "நிலையத்தை விட்டு வெளியே போகாவிட்டால் எதுவும் தேவையில்லை" என்றார். இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. உடனே ஊசி போட்டுக்கொண்டாலும் பயனில்லை. 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் செல்லும் என்பதால், ஆப்பிரிக்கா போகும் எண்ணம் இருப்பவர்கள் இப்போதே போட்டுவிடுங்கள்.

துபாய் வழியாக வேறு டிக்கெட் வாங்கி நான்கு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். ஹூட்ஸ்ப்ரைட் ஊருக்கு முகாமின் வண்டி வருவது திங்கட்கிழமை மட்டுமே. அடுத்த திங்கள்வரை சொந்தச் செலவில் விடுதி வாசம். மூன்று வாரம் இரண்டானது.

முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: சிங்கக்குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சவும் பால் புகட்டவும் விடுவார்களா? ஆம் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்படி வளரும் சிங்கங்களை வேலிக்குள் விட்டுச் சுடும் வேட்டைக்கு விற்பது அங்கே பல ஆண்டுகளாக நடந்துவரும் வியாபாரம். எங்கள் முகாமில் எந்த விலங்கையும் தொட்டதில்லை. பெரும்பாலும் புதர் வெட்டினோம். என்ன புதர் என்று பார்த்தால், நம் ஊர் விடத்தேரை! அளவுக்கு மீறி மேய்க்கப்பட்ட நிலத்தில் அடர்ந்து வளர்ந்து புல்லை நெருக்கிவிடுகிறது. அதன் முள் வண்டி டயரையே குத்திவிடும். தடித்த அடியுள்ள காலணி கட்டாயம். மலேரியா மாத்திரையையும் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கிவிடுங்கள்.

ஒன்பதாம் நாள், திருட்டு வேட்டைக்காரர்கள் விலங்குகளுக்கு வைக்கும் கண்ணிகளைத் தேடி வரிசையாக நடந்தோம். இம்பாலா மான்கள் போய்வரும் தடத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு கம்பி வளையம் என் கண்ணில் பட்டது. கூட வந்த வனக்காவலர் அருகில் வந்து பார்த்தார். இடுப்பிலிருந்த குறடை எடுத்து என் கையில் கொடுத்தார். அறுத்தேன்.