மாலத்தீவு: காற்று எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம்

மாலத்தீவுக்கு எந்த மாதம் போகலாம் என்று யாரைக் கேட்டாலும் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் என்பார்கள். தப்பில்லை. ஆனால் அந்தத் தீவுச் சங்கிலி வடக்கே ஏழு டிகிரியில் தொடங்கி, நிலநடுக்கோட்டைத் தாண்டி தென்கோடி அட்டூவில் போய் முடிகிறது. நீளம் சுமார் 870 கி.மீ. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலையில் போவதைவிட அதிகம். இத்தனை நீளத்துக்கும் ஒரே வானிலை சொல்வது, முழுத் தமிழ்நாட்டுக்கும் ஒரே மழை சொல்வது மாதிரி. மாதத்தை முடிவு செய்த பிறகு கேட்கவேண்டிய கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது: எந்தப் பக்கம்? அடோலின் (பவளப்பாறை வளையத்தின்) கிழக்கா மேற்கா, தீவின் எந்தக் கரை, சங்கிலியின் வடக்கா தெற்கா?

காற்று அங்கே இரண்டு. வடகிழக்கிலிருந்து வரும் இருவை, தென்மேற்கிலிருந்து வரும் ஹுலாங்கு. மாலத்தீவு மீனவர்களின் பழைய நாட்காட்டியைப் பார்த்தால் தமிழர்களுக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. ஆண்டை 27 ‘நகேய்’களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் 13 அல்லது 14 நாள். பெயர்களைக் கேளுங்கள்: அஸ்ஸிதா, புருணு, கேத்தி, ரோணு. நம் அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணியேதான். அஸ்ஸிதா ஏப்ரல் 8-ல் பிறக்கிறது, நம் சித்திரை முதல் தேதிக்கு ஆறு நாள் முன்னால். அங்கிருந்து 18 நகேய் ஹுலாங்கு. டிசம்பர் 10-ல் மூலம் தொடங்கினால் மீதி ஒன்பதும் இருவை. இங்கே அக்னி நட்சத்திரம் கொளுத்தும் வாரங்களில்தான் அங்கே தென்மேற்குக் காற்று நிலைகொள்ளப் பார்க்கும். மே மாத விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

மழைக் கணக்கு தெற்கே போகப்போகக் கூடும். வடக்குத் தீவுகளைவிட அட்டூவில் ஆண்டு மழை அதிகம். தலைநகர் மாலேயில் பிப்ரவரி நன்றாகக் காய்ந்து கிடக்கும். அட்டூவில் ஜனவரியிலும் நல்ல மழை பெய்யும். நிலநடுக்கோட்டை ஒட்டிய இடத்தில் பருவம் அவ்வளவு கறாராகப் பிரிவதில்லை. வெயில் மட்டும் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: பகலில் 30, 31 டிகிரி, இரவில் 25, 26. கடல்நீர் 27-லிருந்து 30.

ஹுலாங்கு மழையில் இரண்டு ரகம். ஒன்று, மேற்கே கடல்மட்டத்தில் கறுப்பாக ஒரு கோடு எழும்பி வருவது. கோடு நெருங்கும்போது காற்று ஒரு கணம் அடங்கும், அப்புறம் சில்லென்று திசை மாறி அடிக்கும். மழை பெரும்பாலும் அரைமணி நேரத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். இதற்குப் பயந்து அறையில் அடைந்து கிடக்கத் தேவையில்லை; அந்த அரைமணிக்குத் தண்ணீரிலோ படகின் மேல்தளத்திலோ இல்லாமல் இருந்தால் போதும். இரண்டாவது ரகம், வானம் முழுக்கச் சாம்பலாக மூடி இரண்டு மூன்று நாள் நகராமல் நிற்பது. பயணத் திட்டம் உடைவது இதில்தான்.

கடலுக்கு வருவோம். அடோல் என்பது பவளப்பாறை வளையம். உள்ளே ஆழம் குறைந்த களப்பு (லகூன்), வெளியே நேராக ஆழ்கடல், வளையத்தில் ஆங்காங்கே திறப்புகள். திறப்புக்கும் இரண்டு அடோல்களுக்கு நடுவே உள்ள கடலுக்கும் ‘கண்டு’ என்று பெயர். வளையத்துக்குள் இருக்கும்வரை படகு வழுக்கிக்கொண்டு போகும். கண்டுவில் நுழைந்ததும் முகம் மாறும். மாலேயிலிருந்து மாஃபுஷி தீவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வாது கண்டுவைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ஸ்பீட்போட்டில் மொத்தப் பயணம் அரைமணி, நாற்பது நிமிடம். அதில் உலுக்கி எடுப்பது இந்தச் சில நிமிடங்கள் மட்டும். நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப் பக்கமும் இருந்தால் அலை நீண்டு வராது; உயர்ந்து, செங்குத்தாக, நெருக்கமாக வரும். படகின் முன்பகுதி தூக்கித் தூக்கி அடிக்கும். காட்சிக்காக முன் இருக்கையைப் பிடிக்கிறவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் பின்பாதியில், எஞ்சினுக்கு முந்திய வரிசையில் உட்காரட்டும்.

முன்னறிவிப்பு பார்க்கிறவர்கள் அலை உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். பக்கத்திலேயே ‘பீரியட்’ என்று, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்ற கணக்கு இருக்கும், அதையும் சேர்த்துப் படியுங்கள். ஒன்றரை மீட்டர், 14 விநாடி என்றால் தெற்குப் பெருங்கடலில் எங்கோ பிறந்து வரும் நீண்ட அலை. படகு அதில் மெதுவாக ஏறி இறங்கும், அவ்வளவுதான். ஆனால் பாறை விளிம்பில் அது பெரிதாக உடையும். அலைச்சறுக்குக்காரர்கள் மார்ச் முதல் அக்டோபர் வரை காத்திருப்பது இதற்கு. ஒரு மீட்டர், ஐந்து விநாடி என்பது காற்று கிளப்பிய அலை. எண் சிறியது, வாந்தி இதில்தான். கரையில் நின்று கண்ணாலும் அளக்கலாம்: கண்டுவில் வெள்ளைநுரை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் காற்று பத்து ‘நாட்’ (knot, மணிக்குச் சுமார் 18 கி.மீ.) வேகத்துக்குள். எங்கு பார்த்தாலும் நுரை என்றால் பதினைந்தை நெருங்குகிறது.

நீண்ட அலை எப்போதும் சாதுவாக இருக்கும் என்றும் இல்லை. 2007 மே நடுவில், ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு அப்பால் உண்டான புயலின் அலைகள் மாலத்தீவுவரை வந்து பல தீவுகளுக்குள் புகுந்தன. உள்ளூரில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. இப்படி அலை ஊருக்குள் புகுவதை ‘உதா’ என்பார்கள்.

இனி, பக்கக் கணக்கு. இருவைக் காலத்தில் நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. ஆழ்கடலின் தெளிந்த நீர் கிழக்குத் திறப்புகள் வழியே நுழையும். வாவு அடோலின் கிழக்குக் கண்டுகளில் சுறா பார்க்க முக்குளிப்பவர்கள் குவிவது அப்போது. உள்ளே புகுந்த நீர் களப்பின் மிதவை உயிரிகளை அள்ளிக்கொண்டு மேற்கே வெளியேறும். அங்கே கலங்கல். கலங்கல் இருக்கும் இடத்தில் மாண்டா திருக்கை இருக்கும். ஹுலாங்குவில் எல்லாம் தலைகீழ்: மேற்கு தெளிவு, கிழக்கு கலங்கல். பா அடோலின் கிழக்கு விளிம்பில் இருக்கும் ஹனிஃபரு வளைகுடாவில் மே முதல் நவம்பர் வரை மாண்டா கூடுவது இதனால்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்ஏற்றம் வலுவாக இருக்கும் நாட்களில் வாய்ப்பு அதிகம். உள்ளே ஸ்கூபாவுக்கு (சிலிண்டரோடு முக்குளிப்பதற்கு) அனுமதி இல்லை, மூச்சுக்குழாயோடு மேல்மட்டத்தில் நீந்தும் ஸ்நார்க்கெல் மட்டும். ஆக, ‘மோசமான சீசன்’ என்று மலிவாக விற்கும் மாதங்களில்தான் அந்தக் காட்சி கிடைக்கிறது.

தீவின் மணலும் இதேபோல இடம் மாறும். ஹுலாங்கு மேற்குக் கரை மணலை அரித்துக் கிழக்கே சேர்க்கும், இருவை திருப்பிக் கொண்டுவரும். விளம்பரப் படத்தில் இருந்த நீண்ட மணல்முனை நீங்கள் போகும்போது தீவின் மறுபுறம் இருக்கலாம். அறை பதிவு செய்யும்போது எந்தத் திசை பார்த்த கரை என்று கேளுங்கள். ஜூலையில் மேற்கு பார்த்த நீர்வீடு (தண்ணீர்மேல் தூண் நட்டுக் கட்டிய அறை) என்றால் சூரிய அஸ்தமனம் அழகு. படியிறங்கிக் குளிப்பது சந்தேகம்.

நீர்ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் பாறைத்தட்டின் மேல் முழங்கால் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் என்பது பெரிய விஷயம். வற்றத்தில் தட்டைத் தாண்டிப் போனால் வயிறு பவளத்தில் உராயும். அதோடு, தட்டின் மேல் உள்ள நீரெல்லாம் ஒரே இடைவெளி வழியே வெளியே பாயும், ஆளையும் இழுத்துக்கொண்டு. ஏற்றம் முழுதாகி நீர் நிற்கும் நேரத்தில் இறங்குவது நல்லது. இறங்குமுன் ஒரு சருகைப் போடுங்கள். பத்து விநாடியில் ஐந்து மீட்டர் நகர்ந்தால் ஏறக்குறைய ஒரு நாட் வேகம். துடுப்புச் செருப்பு போட்டவரே அதை எதிர்த்து வெகுநேரம் நீந்த முடியாது. மாட்டிக்கொண்டால் எதிர்க்காமல் பாறை விளிம்பை ஒட்டிப் பக்கவாட்டில் நகரவேண்டும்.

போக்குவரத்தில் ஒரு கணக்கு. கடல்விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும் பறக்கும். மாலேயில் பிற்பகல் மூன்றரைக்கு மேல் இறங்கினால் பெரும்பாலும் அன்று கிடைக்காது. அரசுப் படகுகள் பல வழிகளில் வெள்ளிக்கிழமை ஓடாது, வானிலை எச்சரிக்கை வந்தால் எந்த நாளும் நிற்கும். ஹுலாங்குவில் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ கழிப்பதுதான் புத்தி.

தெற்கே போக ஆசைப்படுகிறவர்கள் வரைபடத்தில் லாமு அடோலுக்கும் ஹுவதூ அடோலுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். ஒன்றரை டிகிரிக் கண்டு, தொண்ணூறு கி.மீ.க்கு மேல் திறந்த கடல், ஒதுங்க ஒரு திட்டு கிடையாது. அதற்கும் தெற்கே ஃபுவமுலா: ஒரே தீவு, சுற்றிலும் வளையமும் இல்லை, களப்பும் இல்லை. தெற்கு அலை நேராகக் கரையில் வந்து மோதும், துறைமுக வாய்க்குள் படகு நுழைவதே ஒரு வித்தை. காற்று ஓங்கிய வாரம் என்றால் ஃபுவமுலாவுக்கு விமானச் சீட்டு எடுங்கள்.