கவனயீனம் என்று எழுதிவிட்டால் போதுமா?

பெரும்போக அறுவடை நேரம், மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு அரிசி ஆலை. ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் சிக்கி ஒரு தம்பிக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. அறிக்கையில் 'தொழிலாளியின் கவனயீனம்' என்று ஒரே வரி. எனக்கு மனசு கேட்கவில்லை, போய் அவரிடமே பேசினேன்.

ஏன் கையை வைத்தீர்கள்? பெல்ட் நழுவியது, தள்ளிவிட்டேன். ஏன் மெஷினை நிறுத்தவில்லை? நிறுத்தினால் நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டருக்கு அடியில் நெல் அடைத்துவிடும் அண்ணே, அள்ளி எடுத்துத்தான் திரும்பப் போட வேணும். வெளியே உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும்.

சரி, பெல்ட்டுக்கு மூடி இல்லையா? இருந்தது. சாக்குகளுக்குப் பின்னால் சிலந்தி வலையோடு சாத்தி வைத்திருந்தார்கள். நாலு நட்டு. பெல்ட் நழுவும்போதெல்லாம் கழற்றிப் பூட்டிக் களைத்து, கடைசியில் பூட்டாமலே விட்டுவிட்டார்கள். பெல்ட் தேய்ந்தது எல்லாருக்கும் தெரியும். 'அறுவடை முடியட்டும்' என்றார்களாம்.

இதில் அந்தத் தம்பியின் கவனயீனம் எங்கே? ஜப்பானில் டொயோட்டாக்காரர்கள் 'ஏன்' என்று ஐந்து தரம் கேட்பார்கள். இங்கே முதல் 'ஏன்' உடனேயே கோப்பை மூடுகிறோம்.

விபத்தால் ஒருவர் மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால், இலங்கையின் 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேணும். தயவுசெய்து மறைக்காதீர்கள்.

மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டார்களாம். பெல்ட் இன்னும் பழையதுதான். நாளைக்கு மறுபடியும் போகிறேன்.