நிலக்கரிச் சுரங்கத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புத் திட்டம் எழுதிய அனுபவம்

சத்தீஸ்கரின் ராய்கர் மாவட்டத்தில் ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புத் திட்டம் தயாரித்த குழுவில் இருந்தேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

சுரங்கத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் (மிக அதிகப் பாதுகாப்பு உள்ள பட்டியல்) உள்ள உயிரினம் இருந்தால், அதற்கென்று தனித் திட்டம் எழுதி மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். எங்கள் இடத்தில் யானையும் உண்டு, கரடியும் உண்டு. ஆனால் எங்களுக்கு முன் ஒரு ஆலோசனை நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்த வரைவில் யானைக்கு ஒரே ஒரு வரிதான், "எப்போதாவது வந்து போகும்" என்று. மற்றதெல்லாம் மரம் நடுவதும் விழிப்புணர்வுப் பலகையும். படித்ததும் கோபம்தான் வந்தது.

நேரே ரேஞ்ச் ஆபீசுக்கு (வனச்சரக அலுவலகம்) போய்ப் பயிர்ச்சேத இழப்பீட்டுப் பதிவேடுகளைக் கேட்டோம். எந்த ஊர், எந்த மாதம், யாருடைய நெல், யாருடைய வீட்டுச் சுவர் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதை ஊர் வாரியாக வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தால் யானைகளின் வழி தானாகத் தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் பீட் கார்டு என்கிற வனக் காவலரோடும் ஊர்க்காரர்களோடும் அந்த வழியில் நடந்தோம். நிலக்கரிக்கு மேலிருந்து தோண்டி எடுக்கும் ஓவர்பர்டன் மண்ணைக் கொட்ட நிர்வாகம் குறித்து வைத்திருந்த இடம், யானைகள் ஓடையைக் கடக்கும் இடத்துக்கு மேலேயே இருந்தது! ஈர மண்ணில் குட்டியின் தடமும் பெரியதன் தடமும் பக்கத்துப் பக்கத்தில் பதிந்திருந்தன.

கரடிக்கு மஹுவா மரம்தான் முக்கியம் (நம் இலுப்பை இனம்தான்). மார்ச், ஏப்ரலில் விடியற்காலையில் பூ உதிரும், அதைப் பொறுக்கப் பெண்கள் இருட்டோடு கிளம்புவார்கள், அதே நேரம் கரடியும் வரும். பூ கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மரத்தடிச் சருகுக்குத் தீ வைப்பதும் உண்டு, அது சில சமயம் காட்டுக்குள் பரவிவிடும். அதனால் பூ விழுந்து தங்கும்படி மரத்தடியில் கட்டும் வலைகளை ஊருக்கு வாங்கிக் கொடுக்கத் திட்டத்தில் பணம் ஒதுக்கினோம். தீயும் குறையும், குனிந்து பொறுக்கும் நேரமும் குறையும். பலகைக்குப் போகிற பணத்தை இதற்குத் திருப்பலாம் என்பது என் உறுதியான கருத்து.

நிர்வாகத்தோடு பேசியதுதான் கடினமான பகுதி. தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளை உயர்த்துவது, விளக்குகளைச் சுரங்கக் குழியைப் பார்த்துத் திருப்புவது, யானை நடமாட்டம் தெரிந்த இரவுகளில் அந்தச் சாலையில் லாரிகளை நிறுத்துவது எல்லாவற்றுக்கும் சம்மதித்தார்கள். மண் கொட்டும் இடத்தை மாற்ற மட்டும் செலவு அதிகம் என்றார்கள். பதிவேட்டு வரைபடத்தையும் மின்சாரம் தாக்கி யானைகள் சாவதையும் காட்டித் திரும்பத் திரும்பப் பேசிய பிறகு, ஓடையை ஒட்டி ஒரு நிலப்பட்டையை மண் கொட்டாமல் விட்டுவைக்க ஒத்துக்கொண்டார்கள். நாங்கள் கேட்ட அகலம் கிடைக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் கோப்பு கோட்ட வன அலுவலர் (DFO) வழியாக மேலே போனது. ஒவ்வொரு வேலைக்கும் ஆண்டு வாரியாகத் தொகை, செய்பவர் வனத்துறையா நிறுவனமா என்ற பிரிப்பு, இரண்டும் தெளிவாக இல்லையென்றால் திரும்பி வரும். எங்களுடையதும் திரும்பி வந்தது, திருத்திக் கொடுத்தோம்.

ஒப்புதல் கிடைத்ததும் விட்டுவிடாதீர்கள். சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கு ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆண்டுக்கு இருமுறை நிறுவனம் அறிக்கை தர வேண்டும், அது பொது ஆவணம். எத்தனை வலை கொடுத்தார்கள், எந்தக் கம்பியை உயர்த்தினார்கள் என்று அதில் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.