கல்லுக்கும் ஒரு இடம் ஒதுக்குங்கள்

பெங்களூரு கட்டட சைட்டுகளுக்குப் பொருள் வாங்கிக் கொடுக்கும் வேலை எனக்கு. 20 எம்.எம். ஜல்லி லோடு வந்து இறங்கினால் ஒரு கை அள்ளிப் பார்ப்பேன். தட்டைக் கல் அதிகமா, கிரஷர் தூசி எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். ஜல்லியில் குறையில்லை, வண்டி வாடகைதான் ஏறிக்கொண்டே போகிறது. ஏன் என்று கேட்டதற்கு, தர்மபுரிக்கார டிப்பர் டிரைவர் சொன்னார்: "கிட்ட இருந்த குவாரியெல்லாம் லேஅவுட் ஆயிடுச்சுங்க சார்."

வீடுகளுக்குப் பக்கத்தில் குவாரிக்கு அனுமதி கிடையாது. ஆனால் ஓடுகிற குவாரிக்குப் பக்கத்தில் வீட்டு மனை போடுவதை யாரும் பெரிதாகத் தடுப்பதில்லை. குவாரி குத்தகை சுரங்கத் துறையின் கோப்பு, லேஅவுட் திட்டக் குழுமத்தின் கோப்பு. மனை பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு வேட்டுச் சத்தம் கேட்காது. குடிவந்த பிறகு சுவர் விரிசல் விட்டதும் புகார் கொடுக்கிறார்கள், அது நியாயமும்தான். குவாரி மூடப்படுகிறது. மிச்சப் பாறை வீடுகளுக்கு அடியில் முடங்கிவிட, அடுத்த குவாரி இன்னொரு குன்றைத் தேடிப் போகிறது.

காட்டோரத்தையும் குவாரி விடுவதில்லை. பெங்களூருக்குத் தெற்கே பன்னேர்கட்டா தேசியப் பூங்காவைச் சுற்றிய சூழல் உணர்திறன் மண்டலம், அதாவது குவாரிக்குத் தடையுள்ள காப்புப் பகுதி, 2016 வரைவில் 268.96 சதுர கிலோமீட்டர். 2020 இறுதி அறிவிக்கையில் 168.84. இதைப் படித்த அன்று மனசு ஆறவில்லை. தேசியப் பூங்கா எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுரங்கமே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. அந்த ஒரு கிலோமீட்டராவது யானைகளுக்கு இருக்கட்டும்.

கல் எடுத்து முடித்த பள்ளம் என்ன ஆகும்? பெங்களூரு ஓரத்துப் பெள்ளஹள்ளி, மிட்டகானஹள்ளிக் குவாரிப் பள்ளங்களுக்கு நகரத்தின் குப்பைதான் போய்ச் சேர்ந்தது. நான் கோலார் தங்கவயல்காரன். எங்கள் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. தங்கம், இரும்பு போன்ற பெருங்கனிமச் சுரங்கங்களுக்கு மூடல் திட்டமும் அதற்கு நிதி உத்தரவாதமும் கட்டாயம் என்ற விதி வந்ததோ 2003இல். காற்றடித்தால் சயனைடு மேட்டு மண், தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண், வீட்டுக்குள் வரும் ஊரில் வளர்ந்தவனுக்கு, முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

நகரத்துக்கு ஜல்லி வேண்டும், மறுக்கவில்லை. அடுத்த முப்பது வருஷத்துக்கு எந்தப் பாறையை உடைக்கப் போகிறோம் என்பதை மாஸ்டர் பிளானிலேயே குறித்துவிடுங்கள். அதைச் சுற்றி வேலை முடியும்வரை வீடு வேண்டாம், விவசாயம் நடக்கட்டும். பள்ளம் பிறகு ஏரி ஆகுமா, தோப்பு ஆகுமா என்று முதல் வேட்டுக்கு முன்பே எழுதி, அதற்கான பணத்தையும் கட்ட வையுங்கள். சற்றுத் தள்ளி மனை வாங்குகிறவரின் கிரயப் பத்திரத்தில், அந்தக் குவாரிக்கு இன்னும் எத்தனை வருஷம் குத்தகை பாக்கி என்று ஒரு வரி இருக்கட்டும்.