பல் பிடுங்கப் போன இடத்தில் பல்லி

நம் கல்லூரி விடுதியில் வெள்ளிக்கிழமை இரவுகளில் படிப்பு மணி ஒலிப்பதில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் மாணவர் மன்றத்துக்கு உரியது. பேச்சும் பாட்டும் நாடகத் துண்டுகளும் அங்கே அரங்கேறின என்றாலும், மண்டபக் கதவு வரை பையன்கள் நெருக்கியடித்து நின்று பார்த்தது ‘மெய்யா, பொய்யா?’ என்று நாங்கள் அழைத்த விளையாட்டைத்தான். நம் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது வேறு எதையும் எழுத என் மனம் ஒப்பவில்லை. அந்த விளையாட்டில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நான் ஒருவனுக்கு அநியாயம் செய்தேன். அது அநியாயந்தான் என்று உணரவும், அது எப்படி நேர்ந்தது என்று விளங்கிக்கொள்ளவும் எனக்குப் பல ஆண்டுகள் சென்றன.

விளையாட்டை ஏற்படுத்தியவர் எங்கள் விடுதிப் பொறுப்பாசிரியர். ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் வாழ்வில் உண்மையாகவே நடந்த, சிரிப்பூட்டும், எளிதில் நம்ப முடியாத ஒரு சம்பவத்தைத் தாளில் எழுதி, மடித்து, அவரிடம் இரகசியமாகக் கொடுக்க வேண்டும். அவரும் தம் பங்குக்கு ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பொய்ச் சம்பவத்தை இரண்டே வரிகளில் எழுதி வைத்துக்கொள்வார். விளையாட்டு நடக்கும் இரவில், பெயர் அழைக்கப்பட்டவன் முன்னால் வந்து, அவர் நீட்டும் சீட்டைப் பிரித்து உரக்க வாசிக்க வேண்டும். தன் உண்மை வந்திருக்கிறதா, ஆசிரியர் புனைந்த பொய் வந்திருக்கிறதா என்பது அந்தக் கணத்தில்தான் அவனுக்கே தெரியும். பொய் வந்தால், நின்ற நிலையிலேயே அதற்குக் கை கால் வைத்து நடக்கவிட வேண்டும். உண்மை வந்தாலும் எதிரணி அதைப் பொய்யென்று நினைத்தால்தான் தன் அணிக்குப் புள்ளி கிடைக்கும் என்பதால், உண்மைக்காரனும் பொய்யன்போல் திருதிருவென்று விழிப்பான். கதைக்கு 3 நிமிடம், எதிரணியின் கேள்விகளுக்கு 5 நிமிடம், கூடிப் பேச 1 நிமிடம், அதன்பின் அணித் தலைவனின் தீர்ப்பு. மண்டபம் முழுவதும் மூச்சை அடக்கிக் காத்திருக்கும் அந்தத் தீர்ப்பைச் சொல்லும் பொறுப்பு எங்கள் அணியில் என்னிடம் இருந்தது.

நான் சொல்ல வந்த இரவில் எதிரணியிலிருந்து முதலில் வந்தவன் நல்ல பேச்சாளன். நூலகத்தில் உறங்கிப்போய், பூட்டிய கதவுக்குள் ஓர் இரவைக் கழித்ததாகச் சொன்னான். எத்தனை மணிக்கு உறக்கம் வந்தது, எத்தனை மணிக்கு விளக்கு அணைந்தது, அதன்பின் எந்தச் சன்னலுக்குச் சென்றான், பிறகு எந்த மேசையில் படுத்தான், விடிந்ததும் யார் கதவைத் திறந்தார் என்று மணிகளை நூலில் கோத்ததுபோல் கதை ஒழுகியது. நாங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவனிடம் தயாராகப் பதில் இருந்தது. ‘மெய்’ என்று தீர்ப்பளித்தேன். ஆசிரியர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். பொய்.

தோற்ற கோபம் ஆறுவதற்குள் அடுத்தவன் அழைக்கப்பட்டான். அதிகம் பேசாதவன், அந்த ஆண்டுதான் புதிதாகச் சேர்ந்தவன். தன் ஏழாவது வயதில் இரட்டைச் சகோதரனுக்குப் பதிலாகத் தான் போய்ப் பல் பிடுங்கிக்கொண்டதாகச் சீட்டை வாசித்தான். மண்டபம் கொல்லென்று சிரித்தது. சகோதரனுக்குச் சொத்தைப் பல், பல் வைத்தியர் என்றால் நடுக்கம். தன் கண்ணாடிக் குண்டுகளை எல்லாம் தருவதாக அவன் வாக்களித்தானாம். ஒரே மாதிரிச் சட்டை அணிந்திருந்த இருவரையும் வாசலில் உட்காரவைத்துவிட்டுத் தகப்பனார் பணம் செலுத்தப் போன இடைவெளியில், பெயர் கூப்பிட்டதும் இவன் எழுந்து உள்ளே போய் நாற்காலியில் ஏறிவிட்டானாம். வைத்தியர் வாய்க்குள் தேடிப் பார்த்துச் சொத்தை எதையும் காணாமல், ஆடிக்கொண்டிருந்த பால்பல் ஒன்றைக் கண்டு, இதுவாகத்தான் இருக்கும் என்று பிடுங்கிவிட்டாராம். அன்றிரவு சகோதரன் வலியில் அலறிய பின்புதான் வீட்டாருக்கு விஷயம் விளங்கியதாம்.

அவன் சொன்ன முறை இவ்வளவு ஒழுங்காக இருக்கவில்லை. காலை என்று தொடங்கி, “இல்லை, காலையில்லை, மழை விட்ட பிறகு, என்ரை செருப்பு நனைஞ்சிருந்தது” என்று திருத்தினான். மேல் பல் என்று சொல்லிவிட்டு விரலைக் கீழ்த் தாடைக்குக் கொண்டுபோனான். நாற்காலி என்ன நிறம் என்று கேட்டேன், நினைவில்லை என்றான். அறையில் வேறு என்னதான் நினைவிருக்கிறது என்று விடாமல் கேட்டேன். சிறிது நேரம் நிலத்தைப் பார்த்து நின்றுவிட்டு, தலைக்கு மேலிருந்த விளக்கின் பின்னால் ஒரு பல்லி ஒட்டியிருந்தது, அது தன் வாய்க்குள் விழுந்துவிடுமோ என்று மட்டும் பயந்துகொண்டிருந்ததாகச் சொன்னான்.

பல் பிடுங்கப் போன இடத்தில் பல்லி! சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் சென்றிருக்கும். சிலேடைக்காகவே பல்லியை இழுத்து வந்திருக்கிறான் என்று எங்களில் ஒருவருக்கும் ஐயமில்லை. அந்த இரட்டைச் சகோதரன் இப்போது எங்கே என்றேன். வேறு ஊரில் மாமா வீட்டிலிருந்து படிக்கிறான் என்றான். அதுவும் வசதியான பதிலாகவே பட்டது. ‘பொய்’ என்று உரத்த குரலில் அறிவித்தேன். ஆசிரியர் சீட்டைத் திருப்பினார். மெய்.

அத்தோடு நான் அமர்ந்திருந்தால் அது விளையாட்டாகவே முடிந்திருக்கும். ஒரே இரவில் இருமுறை ஏமாந்ததைத் தாங்க முடியாமல் எழுந்து, “சேர், அவன் உங்களுக்கே பொய் எழுதித் தந்திருக்கிறான்” என்றேன். மண்டபம் என் பக்கம் ஆரவாரித்தது. ஆசிரியர் கையமர்த்தி, “விளையாட்டு முடிஞ்சுது தம்பி. இனி அவன் சொல்லுறதை நம்பத்தான் வேணும்” என்றார். நாங்கள் நம்பவில்லை. ‘பல்லிப் புளுகன்’ என்ற பட்டப்பெயர் மறுநாள் காலையிலேயே சாப்பாட்டு மண்டபம் வரை போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் அந்த விளையாட்டுக்குத் தாள் எழுதிக் கொடுக்கவே இல்லை. இரண்டு ஆண்டுகளில் வேறு பள்ளிக்கு மாறிப் போனான்.

புலம்பெயர்ந்து வந்து நெடுங்காலத்துக்குப் பிறகு, 2007ஆம் ஆண்டு ‘பிபிசி ஒன்’ தொலைக்காட்சியில் ‘வுட் ஐ லை டு யூ?’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சி தொடங்கியபோது, எங்கள் வெள்ளிக்கிழமை மண்டபமே தொலைக்காட்சிக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. இந்த வகை விளையாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒரே ஆளென்று மூவர் உரிமை கோர, அவர்களில் உண்மையானவரைக் கண்டுபிடிக்கும் ‘டு டெல் த ட்ரூத்’ அமெரிக்காவில் 1956இல் தொடங்கியது. அரிய சொல்லொன்றுக்குக் கூறப்படும் மூன்று பொருள்களில் சரியானதைத் தேரும் ‘கால் மை பிளஃப்’ பிரித்தானியாவில் 1965இல் வந்தது. ஆனால் தம் சொந்த வாழ்க்கைக் கதையை அட்டையிலிருந்து வாசித்துக் குறுக்கு விசாரணைக்கு நிற்கும் முறையை நான் தொலைக்காட்சியில் முதன்முதலாகக் கண்டது 2007இன் நிகழ்ச்சியில்தான். அணித் தலைவர்களான டேவிட் மிட்செலும் லீ மாக்கும் தொடக்கத்திலிருந்தே இருக்கிறார்கள். ராப் பிரைடன் 2009 முதல் நடத்துகிறார். மிட்செல் தர்க்கத்தால் குடைந்து குடைந்து கேட்பதைப் பார்க்கும்போதெல்லாம், நாற்காலியின் நிறத்தைக் கேட்ட என் குரல் எனக்குக் கேட்கும்.

அந்த நிகழ்ச்சியில் என்னை உலுக்கியவர் நகைச்சுவைக் கலைஞர் பாப் மோர்ட்டிமர். வெறுங்கையால் ஓர் ஆப்பிளை இரண்டாகப் பிளக்க முடியும் என்றார். அங்கேயே பிளந்து காட்டினார். தம் பற்களுக்குத் தாமே வைத்தியம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதுவும் மெய்யென்று தெரிந்தது. அன்று சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்த பிறகு, நான் வெகுநேரம் தொலைக்காட்சியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் விடுதிப் பையன் சொன்னதைவிட நம்பத்தகாத கதைகளை உலகமே பார்க்க ஒருவர் சொல்லுகிறார். அவை உண்மையாக இருக்கின்றன.

அதன்பின் இந்தப் பொருளைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ ஆகிய உளவியலாளர்கள் 24,000 பேருக்கு மேற்பட்டோரின் தீர்ப்புகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறப்புக் கருவியோ பயிற்சியோ இல்லாமல் மெய் பொய் பிரிப்பவர்கள் சராசரியாக 54 விழுக்காடுதான் சரியாகச் சொல்கிறார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட 4 மட்டுமே கூடுதல். அவர்கள் பொய்களில் 47 விழுக்காட்டையும் மெய்களில் 61 விழுக்காட்டையும் சரியாக இனங்கண்டார்கள். அதாவது மனிதர் பொதுவாக நம்புகிற பக்கமே சாய்கிறோம். பேசுகிறவர் உண்மை சொல்கிறார் என்பதே இயல்பான தொடக்கநிலை என்று திமோதி லெவீன் பின்னர் இதை ஒரு கோட்பாடாக வகுத்தார். எங்கள் விளையாட்டு அந்தத் தொடக்கநிலையைக் கழற்றி வைத்துவிட்டது. சந்தேகப்படுவதற்காகவே உட்கார்ந்திருந்த எங்களுக்கு, விளையாட்டு முடிந்ததும் அதை மீண்டும் மாட்டிக்கொள்ளத் தெரியவில்லை. ஆசிரியர் அன்று சொன்ன வாக்கியத்தின் பொருள் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்ற நம்பிக்கையில், அவன் நிலத்தைப் பார்த்ததையும் நாங்கள் குற்றமாக எடுத்தோம். பல நாடுகளில் விசாரித்தபோதும் பொய்யர் கண்ணைப் பார்க்கமாட்டார் என்றே பெரும்பாலோர் சொல்லியிருக்கிறார்கள்; ஆனால் சோதனைகளில் பார்வைக்கும் பொய்க்கும் நம்பத்தகுந்த தொடர்பு தென்படவில்லை. இதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன், புகழ்பெற்ற செய்தியாளர் சேர் ராபின் டேயிடம் இரண்டு முறை செவ்வி கண்டார். ஒன்றில் அவர் உண்மையும் மற்றதில் பொய்யும் சொன்னார். அவற்றைத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் நாளிதழிலும் வெளியிட்டு, எது பொய்யென்று மக்களிடம் கேட்டார்கள். 1995இல் வெளியான முடிவின்படி, முகத்தைப் பார்த்தவர்களில் சுமார் 52 விழுக்காட்டினரும், எழுத்தில் வாசித்தவர்களில் சுமார் 64 விழுக்காட்டினரும், குரலை மட்டும் கேட்டவர்களில் சுமார் 73 விழுக்காட்டினரும் சரியாகச் சொன்னார்கள். நம் சங்கத்தின் ஒன்றுகூடல்களில் இளையவர்கள் இந்த விளையாட்டை மீண்டும் தொடங்கியிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி; அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள், ஒரு சுற்றிலாவது கண்களை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

என்னை நிலைகுலைய வைத்தது இன்னொரு வாசிப்பு. தாம் அனுபவித்ததைச் சொல்லும் வாக்குமூலம், புனைந்து சொல்லும் வாக்குமூலத்திலிருந்து தன்மையிலேயே வேறுபடும் என்று ஜெர்மானிய உளவியலாளர் உடோ உண்டோய்ச் 1967இல் எழுதினார். அந்தக் கருத்தின் மேல் ஸ்டெல்லரும் கோன்கனும் 1989இல் 19 அளவுகோல்களை வகுத்தார்கள். குற்ற வழக்குகளில் குழந்தைகள் சொல்வதை ஆராய்வதற்கென எழுந்த முறை அது; பிழையே செய்யாத தராசும் அன்று. ஆயினும் அந்தப் பட்டியலை வாசித்தபோது என் விரல்கள் குளிர்ந்தன. சொல்லும்போதே தன்னைத் திருத்திக்கொள்ளுதல். நினைவில்லை என்று ஒப்புக்கொள்ளுதல். எதிர்பாராத சிக்கல் கதைக்குள் நுழைதல். எந்தப் பயனுமற்ற, விசித்திரமான சிறு விவரம். செருப்பு, நாற்காலி, ஆடிய பால்பல், பல்லி! நான் பொய்யின் அடையாளமாக எண்ணியவை எல்லாம், உண்மையான வாக்குமூலங்களில் அடிக்கடி காணப்படுகின்றவை என அங்கே எண்ணிட்டு வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. புனைபவன் தன் கதையில் ஓட்டை விழாமல் காக்க வேண்டியிருப்பதால் மழையைக் கொண்டுவந்து தானே குழப்பிக்கொள்ளமாட்டான். நூலகத்தில் பூட்டுண்டவனின் கதை மணி தவறாமல் முன்னோக்கி ஓடியதன் காரணமும் பிடிபட்டது. ஆல்டர்ட் ஃப்ரையும் அவர் குழுவினரும் 2008இல் வெளியிட்ட சோதனையில், கதையை முடிவிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னபோது பொய்யர்கள் அதிகம் தடுமாறினார்கள். நாங்கள் அவனை ஒருமுறையாவது விடியற்காலையிலிருந்து பின்னோக்கி நடக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் படித்த பின்பும், பல்லிக் கதை உண்மையென்று அறுதியாகச் சொல்ல எனக்கு ஆதாரம் இருக்கவில்லை. ஆதாரம் தானாகவே வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் ஒன்றுகூடலில், வாசலில் மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தவரை அடையாளங்கண்டு எழுந்தேன். அவருக்குப் பின்னால் அதே நெற்றி, அதே மூக்கு, அதே வழுக்கையுடன் இன்னொருவர் உள்ளே வந்தார்.

நான் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவன் அதை எதிர்பார்க்கவில்லை. சிறிது நேரம் என் கையை விடாமல் பிடித்திருந்துவிட்டு, “அந்தப் பெயர் எனக்கு நிறைய நாள் நொந்தது மச்சான்” என்று மட்டும் சொன்னான். பிறகு சகோதரனை அருகே இழுத்து, பல் பிடுங்கிய கதையைச் சொல்லும்படி கேட்டான்.

“அண்டைக்கு நல்ல வெயில்” என்று தொடங்கினார் சகோதரன்.

“மழை. என்ரை செருப்பு நனைஞ்சிருந்தது.”

“அது நீ வாசல் தொட்டிக்குள்ளை காலை விட்டதாலை. பிடுங்கினது மேல் பல்லு.”

“கீழ்ப் பல்லு. என்ரை வாய், எனக்குத் தெரியாதே?”

நான் இடைமறித்துப் பல்லியைப் பற்றிக் கேட்டேன். “நான் உள்ளுக்குப் போகேல்லையே, பல்லியை எப்படிக் காணுறது” என்றார் சகோதரன். “ஆனால் அண்டிரவு நான் பல் வலியிலை கத்திக்கொண்டிருக்க, இவன் பக்கத்திலை படுத்துக்கொண்டு விடியும்வரை அந்தப் பல்லியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தவன்.”

உணவுக்கு அழைப்பு வந்தபோது இருவரும் மழையா வெயிலா என்று இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் குண்டுகள் முழுவதும் கைக்கு வந்தனவா என்பதில் அடுத்த வாதம் தொடங்கியிருந்தது.